முதல்ல எந்த ஓலைன்னு பாருங்க: வெயில் காலத்துல பனை, பேரீச்சை, தென்னை – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பனை குடும்பத்து மரங்களைப் பத்தி தான். வெயில் ஏற ஏற எல்லாருக்கும் ஒரே கவலை, ஓலை காயுதே என்ன பண்றதுன்னு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ இருக்கற பாதி பதில் அங்க தான் வந்து நிக்கும். "ஓலை காயுது"ன்னு மட்டும் எழுதாதீங்க, எந்த ஓலைன்னு எழுதுங்க. அடியில தொங்கற பழைய ஓலையா, இல்ல நடுவுல புதுசா வர்ற குருத்தா? ரெண்டும் வேற வேற பிரச்சனை. அது தெரியாம தண்ணியை ஊத்தறதும் உரத்தைக் கொட்றதும் அரிவாளை எடுக்கறதும் எல்லாமே இருட்டுல தடவற மாதிரி தான்.

கேள்வி: அக்கா, மூணு வருஷம் முன்னாடி ஒரு பேரீச்சை கன்னு வெச்சேன். பாலைவனத்து மரம் தானே, தண்ணி அதிகம் வேண்டாம்னு தினமும் சாயங்காலம் ஒரு குடம் மட்டும் தூர்ல ஊத்தறேன். சரியாவே வளரல, ஓலை நுனியெல்லாம் காஞ்சு போயிருக்கு. வெயில் தாங்கலையோ?

பதில்: வெயில் தாங்கும்மா, அந்த மரத்துக்கு வெயில் எவ்வளவு அடிச்சாலும் சந்தோஷம் தான். தாகம் தான் தாங்கல. பேரீச்சைக்கு கால் தண்ணியிலயும் தலை நெருப்புலயும் இருக்கணும்னு அரபு மக்கள்கிட்ட ஒரு பழமொழியே உண்டு, அதுல நாம தலையை மட்டும் புடிச்சுக்கிட்டு காலை மறந்துட்டோம். பாலைவனத்துல பேரீச்சை கண்ட இடத்துலயும் வளர்றது இல்ல, நிலத்தடி தண்ணி மேல வர்ற இடத்துல, ஊற்று இருக்கற இடத்துல தான் தோப்பு தோப்பா நிக்குது. மேல மண்ணு சுடும், ஆனா கீழ வேருக்கு ஈரம் கிடைச்சுக்கிட்டே இருக்கும். வளர்ந்து காய்க்கற ஒரு பெரிய பேரீச்சை உச்சி கோடையில ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேலயும் இழுக்கும்னா பாத்துக்கோங்க.

உங்க கன்னுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனா தினமும் ஒரு குடம்ங்கறது தான் இருக்கறதுலயே மோசமான முறை, மேல நாலு விரல் மண்ணு மட்டும் நனையும், மறுநாள் மத்தியானத்துக்குள்ள அது ஆவியாகிடும், அடியில இருக்கற வேருக்கு எதுவுமே போகாது, போதாக்குறைக்கு தண்ணியில இருக்கற உப்பு மட்டும் மேல் மண்ணுலயே தங்கி சேர்ந்துக்கிட்டே வரும். அதுக்கு பதிலா அந்த ஏழு குடத்தையும் சேர்த்து வாரத்துல ரெண்டு தடவையா பிரிச்சு ஊத்தினாலே வித்தியாசம் தெரியும். அதுவும் பத்தாது, இன்னும் கூட்டணும். தண்டை ஒட்டி ஊத்தாதீங்க, ஓலை விரிஞ்சிருக்கற அகலத்துக்கு ஒரு வட்டப்பாத்தி கட்டி அது ரொம்பற மாதிரி விடுங்க, மண்ணு குடிச்சதும் இன்னொரு தடவை ரொப்புங்க.

எவ்வளவு இறங்கியிருக்குன்னு எப்படி தெரியும்? நான் பண்றதை சொல்றேன். ஒரு முழ நீளத்துக்கு மேல இருக்கற ஒல்லி இரும்புக் கம்பி ஒண்ணு எப்பவும் தோட்டத்துல சாத்தி வெச்சிருப்பேன். தண்ணி விட்ட மறுநாள் காலையில அதை மண்ணுல குத்துவேன். ஈரமா இருக்கற வரைக்கும் வெண்ணெய்ல இறங்கற மாதிரி போகும், காஞ்ச மண்ணு வந்ததும் டக்குனு நின்னுடும். முழங்கை அளவுக்கு கூட போகலைன்னா பத்தலைன்னு அர்த்தம். அடுத்த தண்ணி எப்பன்னு கம்பியே சொல்லிடும், மேல ஒரு ஜாண் அளவுக்கு குத்தினா இறங்காம முரண்டு பண்ணுதா, அன்னைக்கு விடுங்க. மணல் பாங்கான மண்ணுன்னா அடிக்கடி வரும், களிமண்ணுன்னா நாள் தள்ளி வரும், அதனால தான் "எத்தனை நாளுக்கு ஒரு தடவை"ன்னு கேக்கறவங்களுக்கு நான் ஒரே நம்பர் சொல்றதில்ல.

பாத்திக்குள்ள காஞ்ச ஓலை, சருகு எது கிடைச்சாலும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டு விடுங்க, ஆனா தண்டுக்கும் மூடாக்குக்கும் நடுவுல ஒரு ஜாண் இடைவெளி இருக்கட்டும், ஒட்டிக்கிட்டு இருந்தா அடித்தண்டு எப்பவும் ஈரமாவே இருந்து கெட்டுப் போகும்.

கேள்வி: எங்க வீட்டு மரத்துல அடி ஓலையெல்லாம் மஞ்சளா, ஆரஞ்சு கலர் புள்ளி புள்ளியா ஆகுது. பாக்க அசிங்கமா இருக்குன்னு வருஷா வருஷம் ஆள் வெச்சு வெட்டிடறோம். இப்ப என்னன்னா மேல நாலஞ்சு ஓலை மட்டும் துடைப்பம் மாதிரி நிக்குது, தண்டும் மேல போக போக ஒல்லியாகுது. உரம் வெக்கணுமா மேடம்?

பதில்: உரமும் வெக்கணும், அதை விட முக்கியம் அந்த வெட்டு வேலையை உடனே நிறுத்தணும்.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். பழைய ஓலையில தான் முதல்ல தெரியுது, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா ஊடுருவி தெரியற மாதிரி மஞ்சள் ஆரஞ்சு புள்ளி, நுனி காஞ்சு சுருண்டு போறது, இதெல்லாம் பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து குறைபாட்டோட அடையாளம். பொட்டாஷ் மரத்துக்குள்ள நகரக்கூடிய சத்து. மண்ணுல கிடைக்கலைன்னா மரம் என்ன பண்ணும்னா பழைய ஓலையில இருக்கறதை உருவி எடுத்து புது ஓலைக்கு அனுப்பும். அந்த அசிங்கமான மஞ்சள் ஓலை தான் இப்போதைக்கு அந்த மரத்தோட சேமிப்பு. அதைப் போய் நீங்க வெட்டிட்டா அடுத்த வரிசை ஓலையில இருந்து உருவ ஆரம்பிக்கும், அது மஞ்சளாகும், அதையும் வெட்டுவீங்க, இப்படியே மேல மேல போய் கடைசியில குருத்து மட்டும் மிஞ்சும். தண்டு ஒல்லியாகறதும் இதனால தான். ஒல்லியான இடம் பிறகு எத்தனை உரம் போட்டாலும் பெருக்காது, ஏன்னா பனை குடும்பத்துக்கு மா, வேம்பு மாதிரி தண்டு வருஷா வருஷம் தடிக்கற அமைப்பே கிடையாது. ஒரு தடவை உருவான தடிமன் தான் கடைசி வரைக்கும். இடுப்பு மாதிரி ஒடுங்கின மரத்தைப் பார்த்தா அது பட்ட கஷ்டம் அதோட உடம்புலயே எழுதியிருக்கும், எத்தனை வருஷம் கழிச்சு பார்த்தாலும் படிக்கலாம்.

இப்ப என்ன பண்ணலாம். முழுசா பழுப்பாகி மட்டை வரைக்கும் காஞ்சு தொங்கறதை மட்டும் எடுங்க. பாதி பச்சை இருந்தாலும் விடுங்க. அழகுக்காக எடுத்தே ஆகணும்னா கூட கடிகாரத்துல 9க்கும் 3க்கும் ஒரு கோடு போட்ட மாதிரி நினைச்சுக்கோங்க, அந்தக் கோட்டுக்கு மேல இருக்கற ஓலையில கத்தி படவே கூடாது. உரத்துக்கு, பொட்டாஷ் மட்டும் தனியா கொட்டினா அடுத்து மெக்னீசியம் குறைபாடு வந்து நிக்கும், அதனால ரெண்டும் சேர்ந்த, மெதுவா கரையற உரமா வாங்குங்க. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல பனை மரங்களுக்குன்னே ஆராய்ச்சி பண்ணி தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் நாலும் 8:2:12:4ங்கற விகிதத்துல இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. பாருங்க, தழைச்சத்தை விட பொட்டாஷ் அதிகம், நாம வழக்கமா போடறதுக்கு நேர் தலைகீழ். புல் தரைக்கு போடற யூரியா வகை உரம் மரத்து அடி வரைக்கும் போனாலே இந்த பிரச்சனை இன்னும் மோசமாகும், ஓலை வேகமா வளரும், ஆனா பொட்டாஷ் ஈடு குடுக்காது.

மஞ்சளான ஓலை திரும்ப பச்சையாகாது, அதை எதிர்பார்க்காதீங்க. புது ஓலை நல்லதா வந்து பழசை ஒவ்வொண்ணா தள்ளி முழு கொண்டையும் மாற ரெண்டு மூணு வருஷம் ஆகும். அந்த ரெண்டு வருஷம் அசிங்கமா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க ப்ளீஸ்.

கேள்வி: அடி ஓலையோட ஓரம் மட்டும் பளிச்சுனு மஞ்சள், நடுவுல பச்சையாவே இருக்கு. இதுவும் பொட்டாஷா?

பதில்: இல்ல, இது மெக்னீசியம். பேரீச்சை இனத்துல ரொம்ப சகஜம். மெக்னீசியம் சல்பேட் மண்ணுல போட்டு தண்ணி விடுங்க. மரத்துக்கு ஆபத்து இல்ல, பயப்படாதீங்க.

கேள்வி: அக்கா, என் மரத்துல அடி ஓலை எல்லாம் பச்சையா அருமையா இருக்கு. ஆனா புதுசா வர்ற ஓலை சின்னதா, தீய்ஞ்சு போன மாதிரி சுருண்டு சுருண்டு வருது. போன வருஷம் மேல ரெண்டு அடி மண்ணு கொட்டி தளத்தை உயர்த்தினோம், அதுக்கு முன்னாடி நல்லா தான் இருந்துச்சு.

பதில்: நீங்களே விடையையும் சேர்த்து எழுதிட்டீங்க. புது ஓலை கெடுதுன்னா அது மரத்துக்குள்ள நகராத சத்து, மாங்கனீஸ், இரும்பு, போரான் இந்த மூணுல ஒண்ணு. தீய்ஞ்ச மாதிரி சுருங்கி வந்தா பெரும்பாலும் மாங்கனீஸ். இலையெல்லாம் வெளிறி ஆனா உருவம் சரியா இருந்தா இரும்பு. நுனி கொக்கி மாதிரி வளைஞ்சோ, மடிச்ச விசிறி மாதிரி கசங்கியோ வந்தா போரான்.

வறண்ட இடங்கள்ல மண்ணுல சுண்ணாம்பு அதிகம், மண்ணோட காரத்தன்மையைக் காட்டற பிஎச் அளவு 7.5க்கு மேல போயிடும், அப்ப மாங்கனீஸ் மண்ணுல இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. இதுல நீங்க மேல ரெண்டு அடி மண்ணையும் கொட்டி வேருக்கு காத்து போகாம பண்ணிட்டீங்க. பனை குடும்பத்து மரத்துல வேர் எல்லாம் தண்டோட அடியில ஒரு வளையத்துல இருந்து தான் புறப்படும், அந்த இடம் எந்த மட்டத்துல இருக்கோ அதே மட்டத்துல தான் மண்ணு இருக்கணும். ஆழமா நட்டா பலமா நிக்கும்னு நினைச்சு புதைக்கறவங்க நிறைய பேர், மரம் உடனே சாகாது, ரெண்டு வருஷம் மூணு வருஷம் இழுத்துக்கிட்டு இருந்து பிறகு தான் சாகும், அதுக்குள்ள காரணமே மறந்து போயிருக்கும்.

அதனால முதல் வேலை அந்த மண்ணை எடுங்க. தளம் போச்சேன்னு பாக்காதீங்க, மரத்தைச் சுத்தி ரெண்டு மீட்டர் அகலத்துக்காவது பழைய மட்டம் தெரியற வரைக்கும் தோண்டி ஒரு சின்ன சுவர் கட்டிக்கலாம். கையால தோண்டுங்க, மெஷின் வேண்டாம், வேர் அடிபடும். பிறகு மாங்கனீஸ் சல்பேட்டை பாக்கெட்டுல போட்டிருக்கற அளவுக்கு மண்ணுல குடுங்க, குருத்து மேலயும் கரைச்சு தெளிக்கலாம். பேர் ஒரே மாதிரி இருக்கறதால மெக்னீசியம் சல்பேட்டை வாங்கிட்டு வந்துடாதீங்க, இது நிறைய தடவை நடக்குது. அப்புறம் போரான்னு சந்தேகம் இருந்தா அளவு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை, குறைஞ்சாலும் கெடும், ஒரு சிட்டிகை கூடினாலும் விஷம்.

கேள்வி: நடு குருத்து வாடின மாதிரி இருந்துச்சு, லேசா இழுத்தேன், அப்படியே கையோட வந்துடுச்சு. மரம் போச்சா அம்மா? வெயில் காலத்துல இது ஏன் வருது?

பதில்: உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு, ஏன்னா அந்த உணர்வு எனக்குத் தெரியும். நல்ல குருத்தை நாம எவ்வளவு பலமா இழுத்தாலும் அசையாது. இது மட்டும் உறையில இருந்து கத்தி வர்ற மாதிரி சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு வரும். வந்ததும் அடிப்பக்கத்தைப் பாருங்க, வெள்ளையா இருக்க வேண்டிய இடம் பழுப்பா கொழகொழன்னு இருக்கும், மூக்குகிட்ட கொண்டு போனா அழுகின நாத்தம் அடிக்கும். இது குருத்தழுகல், ஒரு வகை பூஞ்சாணத்தால வர்றது.

ஒத்தை தண்டு பனை மரத்துக்கு உச்சியில ஒரே ஒரு வளர்முனை தான். மத்த மரம் மாதிரி கிளை வெட்டினா பக்கத்துல இன்னொண்ணு துளிர்க்கறது எல்லாம் இல்ல. அந்த முனை செத்தா மரம் செத்தது தான், அடி ஓலை எல்லாம் இன்னும் ஆறு மாசத்துக்கு பச்சையா நின்னு நம்மளை ஏமாத்தும். ஆனா குருத்து போனாலே முனையும் போச்சுன்னு அர்த்தம் இல்ல, அது இன்னும் கொஞ்சம் ஆழத்துல இருக்கும். அதனால நம்பிக்கையை விடாம இதை செய்யுங்க. அழுகின பகுதியை கத்தியால நல்ல வெள்ளை சதை தெரியற வரைக்கும் சுத்தமா எடுங்க, போர்டோ பசையோ வேற காப்பர் பூஞ்சாணக்கொல்லியோ உள்ள பூசுங்க, மழைத்தண்ணி உள்ள இறங்காம மேல ஏதாவது கவிழ்த்து மூடுங்க. அப்புறம் காத்திருக்கணும். நாலு மாசம், ஆறு மாசம் கூட ஆகும். முதல்ல வர்ற ஓலை குட்டையா கோணலா இருக்கும், அதைப் பார்த்து பயப்படாதீங்க, அது தான் நல்ல சேதி.

வெயில் காலத்துல இது ஏன் வருதுன்னு கேட்டிருக்கீங்க. பல பேர் சூட்டுக்கு இதமா இருக்கட்டும்னு ஹோஸ் வெச்சு தலையிலயே தண்ணி அடிக்கறாங்க. குருத்துக்குள்ள தேங்கற அந்த தண்ணி தான் வினை. தண்ணி மண்ணுக்கு மட்டும்.

கேள்வி: தண்டுல ஒரு ஓட்டை, அதுல இருந்து மரத்தூள் மாதிரி ஏதோ கொட்டுது, பிசின் மாதிரி பழுப்பா ஒழுகுது. புளிச்ச வாசனை வருது. மரம் பாக்க நல்லா தான் இருக்கு. அவசரம் இல்லை தானே?

பதில்: ரொம்ப ரொம்ப அவசரம். இந்த பத்திரிகையை கீழ வெச்சுட்டு இன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க. நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் சிவப்புக் கூன்வண்டோட அடையாளம். அது மரத்தூள் இல்ல, புழு மென்னு துப்பின நார். கையில எடுத்து பிழிஞ்சு பாருங்க, ஈரமா சக்கை மாதிரி இருக்கும். ராத்திரி அரவம் அடங்கினதும் தண்டுல காதை வெச்சா மொறு மொறுன்னு மெல்ற சத்தமே கேக்கும், கால் இல்லாத வெளுத்த தடிச்ச புழு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பெண் வண்டு நூத்துக்கணக்குல முட்டை இடும். உள்ள கூடு மாதிரி ஆகி தண்டு முழுக்க காலியானாலும் வெளிய கொண்டை பச்சையாவே நிக்கும், ஒரு நாள் காத்துல தலை சாயும், அப்ப செய்யறதுக்கு எதுவும் இல்ல. தெற்காசியாவுல தென்னையைத் தின்னுக்கிட்டு இருந்த இந்த வண்டு 1980கள்ல வளைகுடா நாடுகளோட பேரீச்சைத் தோட்டங்களுக்குள்ள போனது, அங்க இருந்து மத்திய தரைக்கடல் நாடுகள் வரைக்கும் பரவி இன்னைக்கு பேரீச்சைக்கு உலகத்துலயே பெரிய எதிரி இது தான். கன்னு வாங்கி எடுத்துட்டு போறப்ப கூடவே போனது தான் காரணம்.

ஆரம்ப நிலைன்னா தண்டுக்குள்ள மருந்து செலுத்தி காப்பாத்தலாம், ஆனா அதை தெரிஞ்ச ஆள் தான் பண்ணணும், காய்க்கற மரம்னா காயைத் தொடக்கூடாத காலக்கெடுவும் கேட்டுக்கோங்க. காப்பாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா வெட்டின மரத்தை ஓரமா போட்டு வெக்காதீங்க, உள்ள இருக்கற வண்டு எல்லாம் பக்கத்து மரத்துக்குப் போகும். பொடியாக்கணும், இல்ல எரிக்கணும், இல்ல ஆழமா புதைக்கணும்.

இனிமே வராம இருக்க முக்கியமான வழி காயம் படாம பாத்துக்கறது. பச்சை ஓலையை வெட்டின வாசனைக்கு இந்த வண்டு தூரத்துல இருந்து பறந்து வரும். வெட்டியே ஆகணும்னா வண்டு நடமாட்டம் குறைஞ்ச குளிர் நாள்ல வெட்டி, வெட்டுவாய்ல மருந்து பூசி விடுங்க. இன்னொண்ணு, விரிஞ்ச ஓலையில கத்திரிக்கோலால வெட்டின மாதிரி முக்கோணமா வெட்டு தெரிஞ்சா அது காண்டாமிருக வண்டு, அது குருத்துல போடற ஓட்டை வழியாவும் கூன்வண்டு உள்ள நுழையும். காண்டாமிருக வண்டு வளர்றது மக்கற எருக்குழியில, அழுகற மரத்துண்டுல. எருக்குப்பை மரத்தடியில இருந்தா இன்னைக்கே நகர்த்துங்க.

கேள்வி: தொட்டியில வளர்க்கற அரிக்கா பனையோட ஓலை நுனி மட்டும் பழுப்பாகுது. தண்ணி சரியா தான் விடறேன்.

பதில்: தொட்டி மண்ணு மேல வெள்ளையா பூத்த மாதிரி இருக்கான்னு பாருங்க, இருந்தா உப்பு. அரிக்கா உப்புத்தண்ணி தாங்காது. மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியை மேல இருந்து ஊத்தி அடி ஓட்டை வழியா கொஞ்ச நேரம் ஓட விட்டு கழுவி விடுங்க, தட்டுல நிக்கற தண்ணியை கொட்டிடுங்க. கறுப்பு தொட்டியை சிமெண்ட் தரையில வெயில்ல வெச்சிருந்தா வேர் வெந்து போகும், பெரிய தொட்டிக்குள்ள இந்தத் தொட்டியை இறக்கி வெச்சா சூடு குறையும். இலைக்கு அடியில மெல்லிசா வலை மாதிரி தெரிஞ்சா அது சிலந்திப்பேன், காஞ்ச காத்துல தான் பெருகும், தண்ணியை பீச்சி அடிச்சு கழுவினாலே பாதி போயிடும்.

கேள்வி: நர்சரியில தளதளன்னு இருந்த கன்னு, வீட்டுல வெயில்ல வெச்ச ஒரே வாரத்துல ஓலை வெளுத்து கருகிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தல, நிழல்வலைக்கு கீழ வளர்ந்த பிள்ளை அது. வெயில் தாங்கற இனமே ஆனாலும் நிழல்ல விரிஞ்ச ஓலை நேர் வெயிலுக்குப் பழகியிருக்காது. இப்ப ஒரு நிழல்வலை கட்டுங்க, மேற்கு வெயிலை முக்கியமா மறைங்க, மூணு நாலு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. கருகின ஓலை போகட்டும், புதுசா வர்றது தாங்கும்.

கேள்வி: வறண்ட, சூடான இடத்துக்கு எந்த மரம் வெக்கலாம்? தண்ணி அளவா தான் இருக்கு. ராஜபனை மேல ஆசை.

பதில்: ராஜபனை ஆசையை விட்டுடுங்க, தயவு செஞ்சு. அது தண்ணிக்கு ஏங்கற மரம், உங்க இடத்துல அது நிக்கறதைப் பார்த்து நீங்க தான் வருத்தப்படுவீங்க. தென்னையும் அப்படி தான், காத்துல ஈரப்பதம் வேணும் அதுக்கு.

வறட்சிக்குன்னா என் மனசுல முதல் இடம் பனைக்கு தான், நம்ம பனை, அதுக்கு ஈடே கிடையாது. ஆனா பொறுமை வேணும். ஈச்சமரம் நல்லது. வாஷிங்டோனியாங்கற விசிறிப்பனையில ரெண்டு வகை இருக்கு, ஃபிலிஃபெராங்கறது அமெரிக்க பாலைவன ஊற்றுக்கரையில வளர்றது, தண்டு தடிமனா இருக்கும், வறண்ட காத்துக்கு அது தான் சரி, ரோபஸ்டா ஒல்லியா உயரமா வேகமா போகும். குட்டையா புதர் மாதிரி வேணும்னா மத்திய தரைக்கடல் விசிறிப்பனை, அது பக்கத்துல கன்னு விட்டு கூட்டமா வளரும். நீலம் கலந்த வெள்ளி நிறத்துல வேணும்னா மடகாஸ்கர்ல இருந்து வந்த பிஸ்மார்க் பனை, பாத்தா கண்ணை எடுக்க முடியாது. ஆனா வேரைத் தொட்டா மன்னிக்காது. ரெண்டு வருஷம் ஒரு இடத்துல இருந்த என் பிஸ்மார்க்கை நாலு அடி தள்ளி வெக்கலாம்னு பெயர்த்தேன், மண்கட்டி எல்லாம் உடையாம தான் எடுத்தேன், மூணு மாசம் நின்னுட்டு போயிடுச்சு. சின்ன கன்னா வாங்கி, கடைசி வரைக்கும் எங்க நிக்கணுமோ அங்கேயே வெச்சுடுங்க.

எந்த மரமா இருந்தாலும் நடறது மண்ணு சூடா இருக்கற பருவத்துல தான், மண்ணு சூட்டுல தான் இதுக்கு புது வேர் விடும். முதல் வருஷம் எந்த "வறட்சி தாங்கற" மரத்துக்கும் தண்ணி வேணும், தாங்கற சக்தி வேர் பரவின பிறகு தான் வரும்.

கேள்வி: பனங்கொட்டை பதினஞ்சு புதைச்சேன், ரெண்டு மாசம் ஆச்சு, மேல ஒண்ணுமே வரல. ஒண்ணைத் தோண்டிப் பார்த்தேன், கீழ நீளமா ஏதோ போயிருக்கு. அதை எடுத்து வேற இடத்துல நட்டேன், காஞ்சுடுச்சு.

பதில்: மிச்சம் பதினாலையும் தொடாதீங்க தம்பி, எல்லாம் நல்லபடியா வளர்ந்துக்கிட்டு இருக்கு! பனை முதல்ல மேல வராது, கீழ தான் போகும். கொட்டையில இருந்து ஒரு குழாய் மாதிரி மண்ணுக்குள்ள ஆழமா இறங்கி, அதோட நுனியில தான் கன்னே உருவாகும், அப்புறம் அங்க இருந்து ஒரே ஒரு ஓலை மேல எட்டிப் பாக்கும். காஞ்சு போன நிலத்துல, தீ பட்ட நிலத்துல கூட கன்னு பிழைக்கறது இதனால தான், உயிர் இருக்கற இடம் சூடு எட்டாத ஆழத்துல பத்திரமா இருக்கு. நீங்க தோண்டி எடுத்தப்ப அந்த ஆழம் அறுந்து போச்சு. பனையைப் பொறுத்த வரைக்கும் விதைச்ச இடம் தான் வீடு.

ஓலை வந்த பிறகும் பல வருஷம் தண்டு தெரியாது, தரையோட தரையா விசிறி விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், வளரலையேன்னு நினைச்சுடாதீங்க, முதல்ல அகலத்தை முடிச்சுட்டு தான் உயரத்துக்குக் கிளம்பும். பூக்க 12 வருஷத்துல இருந்து 20 வருஷம் வரைக்கும் ஆகும். ஆணா பெண்ணான்னு அப்ப தான் தெரியும்.

கேள்வி: மரத்துல விளக்கு மாட்ட நாலு ஆணி அடிச்சேன். எடுத்துட்டா ஓட்டை மூடிக்குமா?

பதில்: மூடாது. பனை, தென்னை எதுக்குமே தண்டுல பட்ட காயம் ஆறாது, சதை வளர்ந்து மூடற பட்டையே அதுக்கு கிடையாது. ஆணியை எடுத்துடுங்க, இனி விளக்கு வேணும்னா இறுக்காத பட்டையா சுத்திக் கட்டுங்க. புல் வெட்டற மெஷின் கயிறு அடித்தண்டுல படாம பாத்துக்கோங்க, ஓலை வெட்ட ஏறும்போது முள்ளு காலணி போட்டு ஏற விடாதீங்க. ஒரு மரத்துல வெட்டின ரம்பத்தை அப்படியே அடுத்த மரத்துக்குக் கொண்டு போறதும் தப்பு, பேரீச்சை இனத்துல ஃப்யூசேரியம் வாடல் நோய் அப்படி தான் தொத்துது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து அஞ்சு நிமிஷம் ஊற வெச்சு எடுங்க.

கேள்வி: போன மாசம் நல்லா தண்ணி விட்டும் தென்னையில குரும்பை உதிருது, பாளையும் சின்னதா வருது. இன்னும் என்ன தான் பண்றது?

பதில்: போன மாசம் இல்லம்மா, ரெண்டு மூணு வருஷம் முன்னாடி உங்க மரத்துக்கு என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. தென்னையில ஒரு பாளை உள்ள கருவா உருவாக ஆரம்பிச்சதுல இருந்து காய் முத்தற வரைக்கும் சுமார் 44 மாசம். அதுல பாளை வெடிச்ச பிறகு இருக்கற கடைசி 12 மாசம் தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது, மிச்சம் எல்லாம் மட்டை இடுக்குக்குள்ள நடக்குது. கரு உருவாகற நேரத்துல வறட்சி அடிச்சிருந்தா இப்ப பாளை சின்னதா வரும், பூ குறையும். இப்ப குரும்பை உதிர்றது இந்தக் கோடையோட சூட்டாலயும் இருக்கலாம், அதுக்கு நீங்க பண்ற தண்ணி வீண் போகாது. கம்பியைக் குத்திப் பாருங்க, தூர்ல இருந்து ரெண்டு மீட்டர் வரைக்கும் ஈரம் இருக்கான்னு. பொட்டாஷ் குடுக்கலைன்னா குடுங்க. தென்னை மாசத்துக்கு ஒரு ஓலை விடும், ஒவ்வொரு ஓலைக்கும் ஒரு பாளை. இன்னைக்கு விரியற ஓலையில ஒரு சின்ன நூல் கட்டி தேதி குறிச்சு வெச்சுக்கோங்க, அந்த இடுக்குல வர்ற பாளை எப்படி இருக்குன்னு எனக்கு அப்ப எழுதுங்க, காத்திருக்கேன்.